இசை விழாவுக்கு பி.ஆர். இன்டர்னாகப் போகலாமா?

கேள்வி: எனக்கு ஊர் பாலக்கோடு. தர்மபுரியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இசை விழாக்களுக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்க்கும் வேலையில் ஆசை. இரண்டு இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி நிறுவனம். இரண்டு மாதம், ஸ்டைபெண்ட் கிடையாது, ‘பயிற்சிக் கட்டணம்’ 6,000 ரூபாய் நான் கட்ட வேண்டும். இன்னொன்று ஓசூரில் மூன்று நாள் விழா நடத்தும் சின்ன அமைப்பு. “பிரஸ் வேலையை நீயே பாத்துக்கோம்மா, பஸ் செலவும் சாப்பாடும் தர்றோம்” என்கிறார்கள். ஆனால் அங்கே இந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. என் ஆங்கிலம் சுமார். கன்னடம் பேசுவேன், படிக்கத் தெரியாது. ராத்திரி வேலை என்று வீட்டில் தயங்குகிறார்கள். எதற்குப் போவது? போனால் என்னதான் வேலை இருக்கும்?

அன்புள்ள பாலக்கோடு வாசகிக்கு,

முதலில் பணத்தை முடித்துவிடுவோம். இன்டர்னாகப் போகிறவர் பணம் கட்டக்கூடாது. பயிற்சிக் கட்டணம், டெபாசிட், ஐ.டி. கார்டு செலவு, சான்றிதழ் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். பெரிய விழாவுக்கு வாசலில் நிற்கவும், கையில் பட்டை கட்டிவிடவும் நாற்பது பேர் வேண்டும். ஆளுக்கு 6,000 வாங்கினால் 2,40,000 ரூபாயும் சேரும், சம்பளமில்லாத ஆளும் கிடைக்கும். உங்களை அழைத்தவர்கள் அப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு வேலை தருகிற இடத்தில் உங்களுக்கு எழுத்து வேலை கிடைப்பது அரிது. ஏற்கெனவே ஆன்லைனில் பணம் போட்டு, எதிர்ப்பக்கம் போன் எடுக்காமல் இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் கொடுங்கள்.

ஓசூருக்குப் போங்கள். ஆனால் வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு வேலை முடியும், பஸ் செலவு எப்போது கைக்கு வரும், சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார், நீங்கள் எழுதியதைப் பின்னால் உங்கள் வேலை என்று காட்டிக்கொள்ள அனுமதி உண்டா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது: வெளியே போகும் ஒவ்வொரு செய்திக்கும் ‘சரி’ சொல்லப்போகும் ஒருவரின் பெயர். செயலாளரோ பொருளாளரோ, யாராக இருந்தாலும் ஒரே ஆள். இது இல்லாவிட்டால் தலைவர் ஒன்று சொல்வார், அவர் மைத்துனர் வேறொன்று சொல்வார், பேப்பரில் தப்பாக வந்ததும் இருவரும் உங்களைப் பார்ப்பார்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை என்பது உண்மையான குறைதான். அதற்கு மருந்து, மாவட்ட நிருபர்களே. நீங்கள் அனுப்பியதில் எதை வெட்டினார்கள், எதைத் திருப்பிப் போட்டார்கள் என்று மறுநாள் பேப்பரை உங்கள் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இதைவிட நல்ல பாடம் எந்த ஏஜென்சியிலும் நடத்துவதில்லை.

இனி வேலை. விளம்பரம் என்றால் இடத்துக்குக் காசு கொடுக்கிறோம், நாம் சொன்னது சொன்னபடி அச்சாகும். பி.ஆர். எனும் மக்கள் தொடர்பு வேலையில் நாம் தகவல் கொடுக்கிறோம், போடுவதா வேண்டாமா என்று நிருபரும் டெஸ்க்கும் (அலுவலகத்தில் செய்தியைத் திருத்துபவர்கள்) முடிவு செய்கிறார்கள். ஆகவே “கண்டிப்பா வந்துடும் சார்” என்று அமைப்பாளரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். “இத்தனை பேருக்கு அனுப்பினேன், இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள், இவர்கள் வருவதாகச் சொன்னார்கள்” என்பதோடு நிறுத்துங்கள்.

போன முதல் வாரமே பெயர் அட்டவணை போடுங்கள். எக்ஸெல்லில் கலைஞருக்கு ஒரு வரி: தமிழில் பெயர், அவரே எழுதும் விதத்தில் ஆங்கிலத்தில் பெயர், கன்னடத்தில் பெயர், இனிஷியல், வாத்தியம், ஊர், போன், படம் வந்ததா, படம் எடுத்தவர் யார். கன்னடத்துக்குத் தனிப் பத்தி எதற்கு என்றால், கண்ணனுக்கும் கணேசனுக்கும் தமிழில் ஒரே ‘க’ போதும், கன்னடத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்து. பார்வதி, பாலு கதையும் அதேதான். தமிழ்ச் செய்தியை வைத்துக்கொண்டு கன்னடத்தில் அடிப்பவர் ஊகித்துத்தான் போடுவார், பாதி தப்பாகப் போகும். உங்கள் பேச்சுக் கன்னடம் இங்கேதான் காசாகிறது. போன் போட்டு, பெயரை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கிவிடலாம். கூடவே கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விழாவுக்குள் போர்டு படிக்க வந்துவிடும்.

பெயரில் நடக்கும் தவறுகள்தான் இந்தத் தொழிலில் தீராத பகை. பாடகர் பெயரைப் போட்டுவிட்டுப் பக்கவாத்தியத்தை விட்டுவிடுவது முதல் தவறு. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், அப்புறம் கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ, இந்த வரிசையில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். பேப்பர்காரர் இடமில்லாமல் வெட்டினால் அது அவர் பாடு, நீங்கள் கொடுக்காமல் விட்டது உங்கள் பாடு. நாட்டுப்புறக் கலைஞர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ‘பம்பைக் குழுவினர்’, ‘கூத்துக் குழுவினர்’ என்று ஒரே சொல்லில் ஒன்பது பேரைக் கரைத்துவிடுவார்கள். கச்சேரிக்காரருக்கு இனிஷியல் வரை கேட்டு எழுதுகிறவர்கள், கூத்தில் முகவீணை வாசிப்பவரின் பெயரைக் கேட்பதுகூடக் கிடையாது. நீங்கள் கேளுங்கள். வாத்தியார் பெயர், ஊர், மத்தளம் யார், ஹார்மோனியம் யார் என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் மாவட்டத்து ஆள் என்று நிருபர் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்.

பட்டம், விருது எழுதும்போது கவனம் தேவை. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக்கூடாது. அவை பட்டங்கள் ஆகா என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அழைப்பிதழுக்கும் சுவரொட்டிக்கும் இது பொருந்தும். ‘பத்மஸ்ரீ இன்னார்’ என்று போடாமல், ‘பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று பின்வரும் வாக்கியத்தில் எழுதுங்கள். கலைமாமணி தமிழக அரசு தருவது, சங்கீத கலாநிதி சென்னை மியூசிக் அகாடமி தருவது. இரண்டையும் குழப்பி எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் அடுத்த வரிக்குப் போகமாட்டார். பெங்களூர்ப் பக்கம் வித்வான், விதுஷி என்று பெயருக்கு முன் போடுவது வழக்கம், கன்னடப் பிரதியில் அதை நீக்காதீர்கள்.

அடுத்தது பிரஸ் ரிலீஸ், அதாவது பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் செய்திக்குறிப்பு. ஒரு ஏ4 பக்கம், 250 சொல்லுக்குள். சின்ன அமைப்புகள் எழுதிக் கொடுக்கும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“இசையால் இதயங்களை இணைக்கும் உன்னத நோக்கில், பாரம்பரியக் கலைகளின் மேன்மையைப் போற்றும் வகையில், மாபெரும் இசைத் திருவிழா வெகு விமரிசையாக நடைபெற உள்ளது.”

இதில் ஊர் இல்லை, நாள் இல்லை, யார் பாடுகிறார் என்பது இல்லை. டெஸ்க்கில் இருப்பவர் இதை முழுசாக வெட்டிவிட்டுக் கீழே தேட வேண்டும். அவருக்கு நேரம் இருக்காது. இப்படிப் பாருங்கள் (தேதியும் நிகழ்ச்சிகளும் உதாரணத்துக்கு நான் போட்டவை):

“ஓசூரில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் (ஜனவரி 23, 24, 25) இசை விழா நடக்கிறது. முதல் இரண்டு நாள் கர்நாடக இசைக் கச்சேரிகள். மூன்றாம் நாள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலைஞர்களின் நாதஸ்வரம், பம்பை, தெருக்கூத்து. தினமும் மாலை 5 மணி முதல் இரவு 9.30 மணி வரை. அனுமதி இலவசம்.”

இதை வெட்டினாலும் செய்தி நிற்கும். அடுத்த பத்தியில் கலைஞர்கள், அதற்கடுத்ததில் நடத்துபவர் சொன்ன ஒரு வாக்கியம் (அவரிடம் உண்மையிலேயே கேட்டு வாங்கியது, நீங்கள் கற்பனை செய்தது வேண்டாம்), கடைசியில் அமைப்பைப் பற்றி மூன்று வரி, தொடர்புக்கு ஒரு பெயர், ஒரு எண். தேதியையும் கிழமையையும் காலண்டரில் வைத்துச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். போன வருஷத்துக் கோப்பை எடுத்துத் திருத்தும்போது தேதி மாறும், கிழமை பழையதாகவே நிற்கும். இந்தத் தவறு வருஷா வருஷம் யாராவது ஒருவர் செய்கிறார்கள்.

ஒரே ரிலீஸை எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம்தான் இன்டர்ன்களிடம் நான் பார்க்கும் பெரிய சோம்பல். கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமானது, பத்திரிகைகளுக்கும் அது தனிச் செய்தி வட்டாரம். தர்மபுரி நிருபருக்கு ஓசூர் விழா தன் மாவட்டச் செய்தியே இல்லை. அவருக்குப் போகும் பிரதியில் முதல் வரி, பென்னாகரத்திலிருந்து வரும் பம்பைக் கலைஞர் ஓசூர் மேடையேறுகிறார் என்று இருந்தால்தான் அவருக்கு அதில் வேலை இருக்கிறது. ஓசூர் நிருபருக்கு எந்தச் சாலை, வண்டி எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு முடியும், கடைசிப் பஸ் கிடைக்குமா என்பது முக்கியம். பெங்களூர் ஆங்கிலப் பத்திரிகைக்கு, அந்த ஊரில் பெயர் பெற்ற பாடகர் 40 கிலோமீட்டர் தள்ளி இலவசமாகப் பாடுகிறார் என்பதுதான் செய்தி. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வருகிறது, அங்கிருந்து ஓசூருக்குப் பஸ் பிடிக்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். விழா ஒன்று, முதல் பத்தி மூன்று. கீழே உள்ளதை மாற்ற வேண்டியதில்லை.

அனுப்பும் விதத்தில் தோற்பவர்கள் நிறைய. தமிழ்ச் செய்தியை பி.டி.எஃப். ஆக மட்டும் அனுப்பினால், நிருபர் அதைப் பிரதி எடுத்து ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி ‘கோவில்’ ‘காேவில்’ ஆகிக் கிடக்கும். திரும்ப முழுசாக அடிக்க வேண்டும் என்றால் அவர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். யூனிகோடில் அடித்து, மெயிலின் உள்ளேயே செய்தியை ஒட்டி, வேர்டு கோப்பையும் இணையுங்கள். பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறோம் என்கிற அலுவலகங்கள் யூனிகோடிலிருந்து மாற்றிக்கொள்வார்கள், எதிர்த்திசையில் வருவதுதான் தொல்லை. பலருக்கு ஒரே மெயில் போடும்போது முகவரிகளைப் பி.சி.சி.யில் போடுங்கள். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தால், யாருக்குத் தனியாகக் கொடுத்தீர்கள், யாரை விட்டீர்கள் என்ற பஞ்சாயத்து அன்றைக்கே தொடங்கும்.

படம்: அச்சுக்கு ஆறுக்கு நாலு அங்குலம் என்றால் 300 டி.பி.ஐ. கணக்கில் 1800-க்கு 1200 பிக்சல். அதற்குக் குறையக்கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், போனில் பார்க்க நன்றாகத் தெரியும், அச்சில் முகம் மாவாகிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள். கேமரா போட்ட எண்ணோடு கோப்பை அனுப்பாமல், கலைஞர் பெயர், வாத்தியம், ஊர் என்று பெயர் மாற்றி அனுப்புங்கள். கீழே ‘இடமிருந்து வலமாக’ என்று எல்லார் பெயரும். கலைஞர்கள் தங்களுக்குப் பிடித்த பதினைந்து வருஷத்துப் பழைய படத்தைத்தான் கொடுப்பார்கள், சங்கடப்படாமல் புதியதைக் கேளுங்கள். இணையத்தில் தேடி எடுத்த படத்தை மட்டும் வைக்காதீர்கள், எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு.

மீடியா லிஸ்ட் என்று பெரிதாகச் சொல்வார்கள். உங்களுக்கு நாற்பது பெயர் போதும். தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி, இந்து தமிழ் திசை, ஆங்கிலத்தில் தி இந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா, டெக்கான் ஹெரால்டு, கன்னடத்தில் பிரஜாவாணி, விஜய கர்நாடக, பிறகு அகில இந்திய வானொலியின் தர்மபுரி நிலையம், உள்ளூர் கேபிள், ஓசூரைப் பற்றி மட்டும் போடும் இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆட்கள். பத்திரிகைப் பெயர் மட்டும் இருந்தால் அது லிஸ்ட் ஆகாது. எந்த ஆள், எந்தத் தாலுகா, மெயிலா வாட்ஸ்அப்பா, எத்தனை மணிக்கு முன் கொடுத்தால் மறுநாள் வரும், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்பது வேண்டும். பக்கம் முடிக்கும் நேரத்தை ஆளாளுக்குக் கேட்டே எழுதுங்கள். அதுவரை மதியம் 3 மணியை உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா நிருபர்கள் பலர் பகுதிநேர ஆட்கள், வேறு பிழைப்பும் பார்ப்பவர்கள். அப்படியே எடுத்துப் போடும்படி சுத்தமாக எழுதிக் கொடுத்தால் உங்கள் எண்ணை அவர்களே சேமித்து வைப்பார்கள்.

கால வரிசை இப்படி இருக்கட்டும். ஆறு வாரம் இருக்கும்போது பெயரும் படமும். நாலு வாரத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளின் வார இணைப்புகளுக்கு ஒரு மெயில். பத்து நாள் இருக்கும்போது ரிலீஸ். விழாவுக்கு முந்தைய நாள், ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதிக்கு இரண்டு வரி.

பிரஸ் மீட் தேவையா என்று உங்களிடம் கேட்பார்கள். இந்த அளவு விழாவுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மேஜை, பூச்செண்டு, பேனர், காபி எல்லாம் வைத்து, ரிலீஸில் இருப்பதையே வாசிப்பதற்கு நிருபர்களைக் கூப்பிடுவதில் அவர்களுக்கும் லாபமில்லை. நடத்தியே தீர வேண்டும் என்றால் திங்கள்கிழமையை விட்டுவிடுங்கள். அன்று கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், மாவட்ட நிருபர்கள் கிருஷ்ணகிரியில் இருப்பார்கள். வேறு நாளில், காலை 11 மணி. நிருபர்களுக்குப் பணம் வைத்து ‘கவர்’ கொடுப்பது பற்றிப் பேச்சு வரும். யார் கேட்டாலும் யார் கொடுத்தனுப்பினாலும், அந்த உறையை நீங்கள் கையால் தொடாதீர்கள். “அது என் வேலையில் வராதுங்க” என்ற ஒரு வாக்கியம் போதும்.

அழைப்பிதழில் அமைச்சர், கலெக்டர் பெயரைப் போடுவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வந்ததா என்று பாருங்கள். வாய்மொழியாக ‘வர்றேன்’ என்றால் அது ரிலீஸுக்குப் போதாது. சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடம் கேட்கலாம், முறையாகக் கேட்டால் சொல்வார்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் மாதமாக இருந்தால் இந்தப் பகுதியை முழுவதும் அமைப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

விழா நாளில் உங்கள் இடம் பிரஸ் மேஜை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள், போனில் ஒரு சொல் கேட்காது. வாசலுக்கு உள்ளே, வெளிச்சமுள்ள இடத்தில் கேட்டு வாங்குங்கள். மேஜையில் வருகிறவர் பட்டியல் அச்சில், அழைத்தவர்களுக்கான பாஸ் மற்றும் கூடுதலாக ஐந்து, நிகழ்ச்சி நிரல் பத்துப் பிரதி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு வகை சார்ஜர், தண்ணீர். பெயர் எழுதாத பாஸை முன்கூட்டிக் கொடுத்தால் அது கமிட்டி உறுப்பினரின் உறவினர் கழுத்தில் தொங்கும், கேமராவோடு வருபவர் வெளியே நிற்பார்.

நேரக் கணக்குதான் இங்கே வித்தை. பெரிய பாடகர் மேடையேறுவது 7.30-க்கு. அவர் பாடும் படத்தை 8 மணிக்கு அனுப்பினால் பல மாவட்டப் பக்கங்களுக்கு அது நாளை மறுநாள் செய்தி. ஆகவே மாலை 4 மணிக்கு மைக் சரிபார்க்க வரும்போதே, வாத்தியங்களோடு ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் படம் எடுக்க முன்கூட்டியே சம்மதம் வாங்கிவையுங்கள். 5 மணிக்குத் தொடக்க விழா, 5.45-க்குள் கூட்டத்தோடு ஒரு படம், 6.15-க்குள் 120 சொல்லில் செய்தி, 6.30-க்குப் போய்விட வேண்டும். அந்த 120 சொல்லில் நூறு சொல்லை மதியமே அடித்து வைத்திருக்கலாம். இன்னும் நடக்காததை நடந்ததாக எழுதுவது மட்டும் கூடாது. “இதைத் தொடர்ந்து இன்னார் கச்சேரி நடைபெற இருந்தது” என்பதோடு நிறுத்துங்கள். பாடகர் வரும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டால், அவர் பாடியதாக அச்சாகிவிட்ட பேப்பரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது.

புகைப்படக்காரர்களுக்கு விதியை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். மேடை நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாட்டுக்கு முன்னால் நின்று எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது என்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது ஷட்டர் சத்தமே இடைஞ்சல். ஓரமாக நின்று, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எடுத்துக்கொள்ளட்டும், மிருதங்கக்காரர் முகம் அப்போதுதான் படத்துக்கு ஏற்றபடி இருக்கும். கூத்துக்கு, அரிதாரம் பூசும் இடத்தில் கிடைக்கும் படம் மேடைப் படத்தைவிட நன்றாக இருக்கும். ஆனால் வாத்தியாரிடம் கேட்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. மாநில அரசு, கலாசார, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். உங்கள் விழாவுக்கு அந்தத் தளர்வு இருப்பதாக யாரும் எழுத்தில் காட்டாதவரை, ரிலீஸில் ‘இரவு 9.30 வரை’ என்றே போடுங்கள். இதை ஏன் பி.ஆர். ஆளிடம் சொல்கிறேன் என்றால், பக்கத்துத் தெருவில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் அப்பா சத்தம் தாங்காமல் போன் செய்வது, ரிலீஸின் அடியில் நீங்கள் அச்சிட்ட அந்த எண்ணுக்குத்தான்.

கச்சேரி ரத்தானால் மூன்று வரி: எது நடக்காது, அதற்குப் பதில் என்ன, டிக்கெட் இருந்தால் பணம் எப்படித் திரும்பும். உடல்நலக் காரணம் என்றால் அந்தச் சொல்லோடு நிறுத்துங்கள், என்ன நோய் என்பது கலைஞரின் சொந்த விஷயம். நிருபர் கேட்டால் நீங்களாகப் பதில் சொல்லாமல், கடிதத்தில் பெயர் உள்ள அந்த ஒருவரிடம் போனைக் கொடுங்கள். பெயர் தப்பாக அச்சாகிவிட்டால், தவறு யாருடையது என்று முதலில் நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பாருங்கள். உங்களுடையது என்றால் ஒப்புக்கொண்டு அன்றே கலைஞருக்குப் போன் செய்யுங்கள்.

விழா முடிந்த இரண்டு நாளுக்குள் க்ளிப்பிங், அதாவது பேப்பரில் வந்த செய்தியின் கத்தரிப்பு. பேப்பர் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் நான்கும் இல்லாத கத்தரிப்பு வெறும் காகிதம். அமைப்பாளர், “இந்த இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்?” என்று கேட்பார். அந்தக் கணக்கைப் பல ஏஜென்சிகள் இன்னும் போட்டுக் கொடுக்கின்றன. ஆனால் 2010-இல் வந்த பார்சிலோனா கோட்பாடுகளிலேயே, விளம்பர விலையை வைத்துச் செய்தியின் மதிப்பைச் சொல்லக்கூடாது என்று இந்தத் தொழில்காரர்களே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில், எத்தனை செய்தியில் நாளும் இடமும் சரியாக வந்தது, எத்தனையில் மாவட்டக் கலைஞர் பெயர் வந்தது, மூன்றாம் நாள் வந்தவர்களில் எத்தனை பேர் பேப்பர் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள் என்று எழுதிக் கொடுங்கள். கடைசிக் கேள்வியை வாசலில் ஐம்பது பேரிடம் கேட்டு எண்ணினாலே போதும்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. பத்திரிகைக்குப் போகும் ஆங்கில மெயில் 120 சொல்: என்ன நிகழ்ச்சி, உங்கள் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது, யாரைப் பேட்டி எடுக்கலாம். குட்டி வாக்கியமாக எழுதி, உங்கள் துறை ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது: ராத்திரி வேலை மொத்தம் மூன்று நாள்தான், மற்றதெல்லாம் பகல் வேலை, பாதி வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த மூன்று நாளும் 9.30-க்கு மேல் பாலக்கோட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறும் திட்டம் வேண்டாம். கமிட்டியில் பெண்கள் யார் இருக்கிறார்கள், தங்க இடமா, கார் ஏற்பாடா என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதி வாங்கி, அப்பா அம்மாவை ஒருமுறை நேரில் பேச வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமில்லாத பயிற்சியாளருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்காது, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள்.

இதை முடித்த பிறகு பெங்களூரை யோசியுங்கள். சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்தும் ராமநவமி இசை விழா வாரக்கணக்கில் ஓடும். அதைப்போன்ற விழாவுக்கு ஜனவரியிலேயே எழுத வேண்டும். சென்னை மார்கழிக்கு என்றால் செப்டம்பர். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியின் கலை நிகழ்ச்சிகளை வைத்து, யாரும் கேட்காமலே ஒரு ரிலீஸ் எழுதிப் பழகலாம். விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியது சான்றிதழ் இல்லை. நீங்கள் எழுதிய ரிலீஸ் ஒன்று, அதன் மூன்று முதல் பத்திகள், அச்சான க்ளிப்பிங், எண்களை மறைத்த மீடியா லிஸ்ட், இவ்வளவுதான். வேலைக்கு எடுப்பவர் அதை இரண்டு நிமிடம் பார்ப்பார், அதற்குள் தெரிந்துவிடும்.

விழா எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் பெயர் அட்டவணையை இன்றைக்கே திறந்துவிடுங்கள். பாடகரை விட்டுவிட்டுத் தவில்காரரிடமிருந்து தொடங்குங்கள். முகூர்த்த மாதமாக இருந்தால் அவர் போனை எடுக்கவே நாலு நாள் ஆகும்.